நெய்தல் நிலத்துப் பந்துரை: பெரியதாழைக் கரையில் வழங்கும் ஆட்டக் கருத்துகள் குறித்து ஓர் ஆய்வு

முத்துக்குளித்துறையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கொற்கை முத்து எந்த நாட்டுக்குப் போனது, 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் எந்தெந்த ஊரில் தங்கினார், சலாபம் என்னும் முத்துக்குளிப்பில் யாருக்கு எத்தனை பங்கு என்பதற்கெல்லாம் நூல்கள் உண்டு. மறுப்பு நூல்களும் உண்டு. ஆனால் மணப்பாட்டுக்குத் தெற்கே, உவரிக்கு வடக்கே, சாத்தான்குளம் வட்டத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியதாழையில், ஒரு பெரிய கால்பந்தாட்டம் முடிந்த மறுநாள் வலை தைக்கிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை ஆராய அறிஞர் எவரும் வலை பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

முதலில் ‘கருத்து’ என்பதற்கு வரையறை வேண்டும். ஆட்டத்தை முழுக்கப் பார்த்தவன் சொல்வது செய்தி. பாதியில் தூங்கிப்போனவன் சொல்வது கருத்து. ஆட்ட நேரத்தில் கடலில் கிடந்து, கரைக்கு வந்தபின் கோல் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டவன் சொல்வது தீர்ப்பு. மூன்றாம் வகைக்கு மேல்முறையீடு கிடையாது.

இத்துறையில் மேலைநாட்டார் செய்த முன்னாய்வு ஒன்று உண்டு. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்டது. தங்கள் பல்கலைக்கழக அணி அமெரிக்கக் கால்பந்தில் வென்றால், அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகள் கூடுதலாக வரும், தோற்றால் குறையும். பேச்சும் அப்படியே. வென்றால் ‘ஜெயித்தோம்’ என்பார்கள். தோற்றால் ‘தோற்றார்கள்’ என்பார்கள். அதாவது ரசிகன் வெற்றியில் ஒட்டிக்கொள்கிறான், தோல்வியில் கழன்றுகொள்கிறான்.

பெரியதாழையில் இந்த முடிவு செல்லாது. இங்கே அணி வென்றால் “அவன் ஜெயிச்சிட்டான்லே” என்று மூன்றாம் மனிதரைப் போலச் சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார்கள். தோற்றால்தான் “தோத்துட்டோமே மக்கா” என்று தன்மைப் பன்மை வரும். பிரேசிலின் மஞ்சள் பனியனும், ஜெர்மனியிடம் தோற்ற 2014 ஜூலைக்குப் பிறகு, அதே கொடியில்தான் காய்ந்தது. (மாற்றுப் பனியன் இல்லை என்ற எளிய விளக்கத்தை இவ்வாய்வு பரிசீலித்துத் தள்ளிவிட்டது.) அமெரிக்க மாணவருக்கும் நம் கரையாளருக்கும் ஏன் இந்த வேறுபாடு? சியால்டினியிடம் தொல்காப்பியம் இல்லை என்பதே நம் விடை.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. நிலம் கடலும் கடல் சார்ந்த இடமும். இம்மூன்றும் கூடிய இடத்தில் பிறக்கும் பேச்சு இரங்கலாகத்தான் இருக்க முடியும். பொருள் தலைவனின் தேராக இருந்தால் என்ன, பிரேசில் நெய்மாரின் கணுக்காலாக இருந்தால் என்ன? ஆகவே நாம் நிறுவப்போவது இது: கடற்கரை ரசிகன் வெற்றியை நாடிப் பந்தாட்டம் பார்ப்பதில்லை. இரங்குவதற்கு ஒரு பொருள் தேடியே பார்க்கிறான். வென்ற அணியைப் பற்றி அவனுக்குக் கருத்து எதுவும் இல்லை.

சான்றுகளில் தலையாயது 2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கத்தார் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் ஆடின. நம் நேரத்தில் ஆட்டம் தொடங்கியது பிற்பகல் 3.30க்கு. காலையில் போன வள்ளங்கள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, ஆண்கள் வீட்டில் இருக்கும் பொழுது. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியைப் போட்டார். அதன்பின் முதல் பாதியிலேயே அர்ஜென்டினா இன்னும் மூன்று முறை பந்தை வலைக்குள் தள்ளியது, மூன்றும் ஆப்சைடு. லவுத்தாரோ மார்த்தினெஸ் அடித்த ஒன்றில், தோள்பட்டை முந்திக்கொண்டு நின்றதாகக் கணினி படம் போட்டுக் காட்டியது. பிறகு 48ஆவது நிமிடத்தில் ஒன்று, 53ஆவதில் ஒன்று, சவூதி 2-1. முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி தோற்றது. ஆட்டம் முடிந்தபோது பெரியதாழையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நிலம் நெய்தல், பொழுது எற்பாடு, உரி இரங்கல். முதலும் உரியும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்திய துறை சங்கப் பாடல்களிலேயே அரிது. அன்று மாலை ஒலித்த கருத்துகள் ஒவ்வொன்றும் தோள்பட்டையைச் சுற்றியே இருந்தன. “தோளால கோல் போட்டா கைப்பந்துங்கான், தோளு முன்னால நின்னா ஆப்சைடுங்கான், பொறவு தோள எங்கலே வைக்கது?” இதற்குப் பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனம் இன்றுவரை பதில் அளிக்கவில்லை, கேள்வி அதற்கு அனுப்பப்படவும் இல்லை.

இனி, இந்த ஊர்க்காரர்கள் ஏன் பிரேசிலுக்கு இரங்கவேண்டும் என்ற சிக்கலான வினா. ‘குடும்பப்பெயர்க் கொள்கை’ ஒன்றை இங்கே முன்வைக்கிறோம். 1530களில் இக்கரைப் பரதவர் போர்த்துகீசியரிடம் திருமுழுக்குப் பெற்றபோது, ஞானத்தோடு பெயர்களும் வந்து சேர்ந்தன. பர்னாந்து, ரொட்ரிகோ, கோஸ்தா, மிராந்தா என்று இன்றும் கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. அதே நூற்றாண்டில் அதே போர்த்துகீசியர் பிரேசிலிலும் இறங்கிப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனவே பிரேசில் ஆட்டக்காரர் பட்டியல் திரையில் ஓடும்போது, அது இவ்வூர்க்காரருக்குப் பங்குக்கோயில் வரிக்கணக்கு வாசிப்பதாகவே கேட்கும்.

கொள்கையின் வலிமையைத் தரவுகளில் பாருங்கள். பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் பெயர் பெர்னாந்தினோ. சின்னப் பர்னாந்து. 2014 ஜூலை 8, பெலோ ஓரிசோன்ச்சியில் ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. நமக்கு மறுநாள் அதிகாலை 1.30. ஆறு நிமிட இடைவெளியில் நான்கு கோல்கள் விழுந்தன, 23ஆவது நிமிடம் முதல் 29 வரை. அதில் ஒன்று, பெர்னாந்தினோ காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு டோனி குரூஸ் போட்டது. மொத்தம் 7-1. நான்கு ஆண்டு கழித்து 2018 காலிறுதி, பெல்ஜியத்துக்கு எதிராக. 13ஆவது நிமிடத்தில் சொந்த வலைக்குள் பந்தைத் தள்ளியவர் யார்? அதே பெர்னாந்தினோ. பிரேசில் 2-1 என வெளியேறியது. மீண்டும் நான்கு ஆண்டு. 2022 டிசம்பர் 9, குரோஷியாவுடன் பெனால்டிப் போட்டி. முதல் பெனால்டியை அடித்து லிவாகோவிச்சின் கையில் கொடுத்தவர் பெயர் ரொட்ரிகோ. ஐந்தாவதாக அடிக்கக் காத்திருந்த நெய்மாருக்கு முறையே வரவில்லை.

“எல்லா எடத்துலயும் நம்ம ஆளுதாம்லே சொதப்புதான்.” இத்தனை நெருக்கமான உறவுணர்ச்சியை 1976ஆம் ஆண்டு ஆய்வு எந்த அட்டவணையில் அடைக்கும்? நெய்மாரை முதலில் அனுப்பியிருக்கவேண்டும் என்பது அன்றைய இரவின் தீர்ப்பு. தீர்ப்பு சொன்னவர்களில் ஒருவர்கூட பயிற்சியாளர் தீத்தேயைக் குறை சொல்லவில்லை. ரொட்ரிகோவின் வீட்டாரைத்தான் நொந்துகொண்டார்கள்.

கொள்கைக்கு எதிர்ப்பு அர்ஜென்டினாத் தரப்பிலிருந்து வந்தது. அவர்கள் ஸ்பானியர் வழி. பெயர்ச் சொந்தம் கோர முடியாது என்று நாம் முடிவுகட்டியிருந்தோம். “எங்க பக்கமும் என்சோ பர்னாண்டஸ் இருக்காம்லா” என்று ஒரே வரியில் உடைத்தார்கள். 2022 உலகக் கோப்பையின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது பெற்றவர் அவர். போர்த்துகல் தரப்பு அடுத்து புரூனோ பெர்னாண்டஸைக் கொண்டு வந்தது. இந்நிலையில் கொள்கையைச் சற்று விரித்து, பர்னாந்து இல்லாத அணிக்கு இக்கரையில் ஆதரவு கடினம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

கருத்துகள் ஏன் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பதற்கு நிலவியல் காரணமும் உண்டு. இங்கே பையன்கள் பந்து விளையாடுவது கடற்கரை மணலில். ஒரு கோட்டுக்கு அப்பால் ஊர், மறு கோட்டுக்கு அப்பால் கடல். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர் இது. ஆடுகளத்தின் அகலத்தை ஆண்டுதோறும் அலை முடிவுசெய்கிறது. எனவே இடது ஓரம், வலது ஓரம் என்ற பேச்சு இவர்களிடம் எடுபடாது. கடல்பக்கம், கரைப்பக்கம் அவ்வளவுதான். தொலைக்காட்சி பார்க்கும்போதும் வழக்கம் மாறுவதில்லை. 2022 இறுதியாட்டத்தில், லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவின் டி மரியா ஓடியபோது, பெட்டி தெற்குச் சுவரில் இருந்த வீட்டார்க்கு அவர் கடல்பக்கம் போனார். எதிர் வீட்டில் பெட்டி வடக்குச் சுவரில் இருந்ததால் கரைப்பக்கம் போனார். மறுநாள் காலை இரண்டு வீட்டாரும் ஒரே ஓட்டத்தைப் பற்றி இரண்டு மணிநேரம் சண்டையிட்டதை வேறெப்படி விளக்குவது?

இப்போது நம் கோட்பாட்டுக்குக் கடினமான சோதனை: அர்ஜென்டினா வென்ற இரவு. 2022 டிசம்பர் 18. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு கடலுக்குப் போகாத ஊர் ஆகையால் பார்வையாளர் வருகை முழுமை. பிரான்சுடன் உலகக் கோப்பை இறுதியாட்டம், இரவு 8.30க்கு. 79 நிமிடம் வரை 2-0, பிறகு எம்பாப்பே 97 விநாடியில் இரண்டு போட்டு 2-2, கூடுதல் நேரத்தில் 3-3, 123ஆவது நிமிடத்தில் கோலோ முவானி தனியாக நின்று அடித்ததை எமிலியானோ மார்த்தினெஸ் இடக்காலை நீட்டித் தடுத்தது, பெனால்டியில் 4-2. முப்பத்தாறு ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. வெடி போட்டார்கள். வெடி ஓய்ந்ததும்?

பேச்சு இல்லை. “ஜெயிச்சாச்சு” என்றார்கள். வேறு என்ன சொல்ல? ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு முன்னால் ஒரு தோள்பட்டையை வைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டிப் பேசியவர்கள், உலகக் கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு பீடி நேரம்கூடப் பேச முடியாமல் தவித்தார்கள். அதே திண்ணையில் பிரேசில்காரர்கள் ரொட்ரிகோவைப் பற்றிச் சலிப்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலைமை எங்கே போய் முடிந்ததென்றால், அர்ஜென்டினா ரசிகர்களே மெஸ்ஸி போட்ட, அணியின் மூன்றாவது கோல் செல்லுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். பந்து கோட்டைத் தாண்டும் முன்பே மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள் என்று பிரெஞ்சுப் பத்திரிகை கிளப்பிய குறையைத் தாங்களாகவே எடுத்துப் போட்டார்கள். இரங்கப் பொருளில்லாத நெய்தலான் தன் வெற்றியையே கிழித்து உட்கார்ந்து தைக்கிறான்.

மற்ற திணைகள் இக்கரையில் கலக்காமலில்லை. திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார். 2021இல் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போனது பாலை. 2002க்குப் பிறகு ஆறாவது கோப்பைக்காக மஞ்சள் பனியனோடு வீட்டில் இருப்பது முல்லை. விடியற்காலை ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கதவு திறக்கப்படாதது மருதம். இதற்கு மேல் விளக்கம் குடும்பங்களில் குழப்பம் உண்டாக்கும்.

கூடைப்பந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பாளையங்கோட்டைக்கும் திருச்செந்தூருக்கும் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைகள் அதைக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் பஞ்சாபை வென்று பட்டம் எடுத்ததைச் சொல்லிப் பார்த்தார்கள். வென்ற செய்தி, எடுபடவில்லை. ஒரு பையன் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியிலிருந்து ஒரு தோல்வியை எடுத்து வந்தான். 2018 மார்ச் 16இல் வர்ஜீனியா, முதல் தரவரிசையில் இருந்துகொண்டு, பதினாறாம் தரத்து யுஎம்பிசி அணியிடம் 74-54 என வீழ்ந்தது. ஆண்கள் போட்டியில் அதுவரை நடவாதது. திண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தது. “பொறவு?” “அடுத்த வருசம் அதே வர்ஜீனியா கப்பு அடிச்சிட்டு மாமா.” திண்ணை மறுபடி சாய்ந்தது. ஓராண்டு இரங்கல் ஓர் இரங்கலா? தவிரவும் அந்த ஆட்டத்தில் 24 விநாடிக்கு, கல்லூரியில் 30 விநாடிக்கு ஒருமுறை பந்தை எறிந்தே ஆகவேண்டும் என்று விதி. “ஒண்ணு விழுந்தா அழ நேரம் குடுக்க மாட்டானா?” என்று கேட்டார் ஒரு பெரியவர். ஐந்து கோல் விழுந்தாலும் நாற்பது வருடம் பேசலாம் என்ற இடத்தில், எண்பது கூடை விழும் ஆட்டம் வேர்விடாது.

இந்த ஆய்வின் வாய்மொழித் தேர்வு வலை தைக்கும் கொட்டகையில் நடந்தது. தேர்வாளர்கள் நால்வர். கோட்பாட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் ஒரே கேள்வி கேட்டார்.

“நீ யாருக்குலே?”

“ஹாலந்து, மாமா.”

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. “1658ல தூத்துக்குடியப் பிடிச்சு, சலாபத்துல முத்த அள்ளிட்டுப் போனவனுக்கா?”

“ஆமா மாமா.”

“அவனுக்கு எத்தன கப்பு?”

“ஒண்ணும் இல்ல. மூணு பைனல். 74, 78, 2010. மூணும் போச்சு.”

“ஒண்ணுகூடவா?”

“2022லயும் அர்ஜென்டினாட்ட பெனால்டில போச்சு.”

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மடியில் கிடந்த வலையை ஓரமாக ஒதுக்கி, பக்கத்தில் இடம் விட்டார்.

“அப்பம் உக்காரு. 2010ல அந்த ராபன் தனியாப் போனாம்லா, கோலி மட்டுந்தான் முன்னால நின்னான். அத எப்படிலே விட்டான்? நீ சொல்லு.”