ஒரு மனு, ஒரு பாலம்

தொண்ணூறுகளின் முதல் பாதியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. விடியுமுன் எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, அவர் வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டும். என் அப்பா அப்படிப் போனவர். முந்தின நாளே தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடுவார். ஓடைக்குப் பாலம், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை, பக்கத்து வீட்டுப் பாட்டியின் முதியோர் பென்ஷன் எல்லாம் அந்த ஒரே மனுவில் இருக்கும். “இம்புட்டுத் தூரம் போறோம், எல்லாத்தையும் சொல்லிப்புடணும்” என்பார். மறுபடி எப்போது போக முடியும் என்று தெரியாதவருக்கு அதுதான் நியாயம்.

எம்.எல்.ஏ. நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனுவின் ஓரத்தில் ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒன்றிய ஆபீசுக்கு அனுப்பினார். ஆனால் பென்ஷன் தாலுகா ஆபீஸ் விஷயம். ரேஷன் கடை கூட்டுறவுத் துறை. பாலம் மட்டும்தான் ஒன்றியம். எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்ததோ ஒரே தாள். அது எந்த மேசையில் தங்கிப்போனதோ தெரியாது. கேட்டுப் போகலாம் என்றால் அப்பாவிடம் நகல் இல்லை.

அவர் வேறு யாரிடம் போயிருக்க முடியும் என்றும் யோசிக்கிறேன். தமிழ்நாட்டில் 1986-க்குப் பிறகு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1996-ல்தான். தெருக்குழாய் உடைந்தாலும் எம்.எல்.ஏ. வாசல்தான் கதி என்று மக்கள் பழகியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் கட்டாயம் என்று 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொன்ன பிறகும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை, சில மாவட்டங்களில் 2021 வரை, தேர்தல் இல்லை. நம் தெருவில் நின்று கேள்வி கேட்கக்கூடிய ஒருவரே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஓடியதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

இப்போது காத்து நிற்கத் தேவையில்லை. உடைந்த சாக்கடையைப் படம் எடுத்து எம்.எல்.ஏ. ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள், எக்ஸ் தளத்தில் அமைச்சரை டேக் செய்கிறார்கள். நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். குடிநீர் வராத தெருவுக்கு அன்றைக்கே லாரி வரவழைக்க அது உதவும். பணம் ஒதுக்கிக் கட்ட வேண்டிய பாலத்துக்கு அது போதாது. அதற்குக் கோப்பு ஒன்று உருவாக வேண்டும். கோப்புக்கு எண்ணும் தேதியும் வேண்டும்.

அதே ஓடைப் பாலத்தை 2022-ல் என் தம்பி மகள் கையில் எடுத்தாள். அவள் முதலில் கேட்டது, “அந்த ரோடு யாருது பெரியப்பா?” என்பதைத்தான். ஊரில் பாதிப்பேர் ஹைவேஸ் ரோடு என்றார்கள், மீதிப்பேர் யூனியன் ரோடு என்றார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். ஒன்றியச் சாலை என்று எழுத்தில் பதில் வந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் பாலத்துக்குத் தீர்மானம் போடவைத்தாள். ஐப்பசியில் ஓடை பெருகி, பஸ் அக்கரையோடு திரும்பிப் போன நாட்களில் தேதி தெரியும்படி படம் எடுத்தாள். ஓடையைத் தாண்டிப் படிக்கப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கினாள்.

யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதிலும் அவள் தெளிவாக இருந்தாள். ரயில்வே கேட் என்றால் எம்.பி., தெருவிளக்கு என்றால் ஊராட்சித் தலைவர். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி.க்கு 1993-ல் தொடங்கிய நிதி இப்போது 5 கோடி. இரண்டிலும் பணம் அவர்கள் கைக்கு வருவதில்லை. இன்ன வேலை என்று அவர்கள் பரிந்துரைப்பார்கள், அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். ஆகவே நம் மனுவில் இருப்பதை அப்படியே எடுத்து அவர் பரிந்துரைக் கடிதம் எழுத முடிய வேண்டும். சட்டமன்ற மனுக்கள் குழு ஒரு மாவட்டத்துக்கு வருமுன் கொடுக்கும் அறிவிப்பிலும் இந்த நிபந்தனை உண்டு: ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். இதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

அவள் மனு ஒரே பக்கம். ‘பொருள்: ஒன்றியச் சாலையில் ஓடையின் குறுக்கே சிறுபாலம் அமைக்கத் தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைக்கக் கோருதல்.’ அதற்குக் கீழே ‘பார்வை’ என்று போட்டு கிராம சபைத் தீர்மானத்தின் எண்ணும் நாளும். பிறகு நான்கு வாக்கியங்கள். பின்னால் படங்களும் தலைமையாசிரியர் கடிதமும். பிள்ளைகளின் அம்மாக்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கொடுத்தாள். நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள். எம்.எல்.ஏ.வின் உதவியாளர், “இப்படிக் கொண்டாந்தா எங்களுக்கும் லெட்டர் போட வசதிம்மா” என்றார்.

பரிந்துரை உடனே போய்விடவில்லை. முதல் மனுவின் தேதியைப் பார்வையில் குறிப்பிட்டு அவள் நினைவூட்டுக் கடிதங்கள் போட்டாள். ஒவ்வொன்றிலும் அதே ஒரு கோரிக்கைதான். “போன்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமே” என்று நான் சொன்னதற்கு, “சொல்லலாம் பெரியப்பா, ஆனா ஃபைல்ல ஏறாதே” என்றாள்.

பாலம் வந்தது. எம்.எல்.ஏ.வுக்கு நன்றி தெரிவித்து எழுதிய கடிதத்திலேயே, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இன்னும் கட்டப்படவில்லை, பிள்ளைகள் சைக்கிளில் போகிற இடம் என்று எழுதியிருந்தாள். அடுத்த மழைக்கு முன்பே அதையும் கட்டி முடித்தார்கள்.