சிறுமோதல் சமாதான நிர்ணயம்

தமிழ்நாட்டு வாகன விபத்துகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் திருவாரூர்த் தேர்வீதியிலிருந்து தொடங்குவதே முறையாகும். சோழ இளவரசன் ஏறிச் சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுங்கன்று அகப்பட்டு மாண்டதும், தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைத்ததும், மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி செலுத்தியதும் பெரிய புராணம் படித்தவர்களும் படியாதவர்களும் ஒருங்கே அறிந்த செய்தி. ஆனால் அந்தக் கதையின் நடுவே, யாரும் நின்று பாராமல் கடந்துவிடும் ஒரு கட்டம் உண்டு. அமைச்சர்கள் அரசனை வணங்கி, அந்தணர் விதிக்கும் பிராயச்சித்தத்தைச் செய்து இந்த விஷயத்தை இம்மட்டோடு தீர்த்துக்கொள்வதே வழக்கம் என்று யோசனை கூறுகிறார்கள். கூர்ந்து நோக்கினால், வழக்கை மன்றத்துக்குக் கொண்டுபோகாமல் வெளியிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அவர்கள் ஒன்றும் சொல்லிவிடவில்லை. மன்னன் மறுத்தான். அவனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. அமைச்சர்களுக்கு எங்கும் சிலை இல்லை. இருந்தபோதிலும், அந்த நீதிமன்றத்துக்கு வெளியே ஓடுகிற சாலையில் இன்று ஆட்சி செலுத்துவது மன்னனுடைய கொள்கையன்று, அமைச்சர்களுடைய யோசனையே என்பதை நிறுவுவதற்காகவே இச்சிறு நூல் எழுந்தது.

முதற்கண் எல்லையை வரையறுத்துக்கொள்வோம். இரத்தம் சிந்தாமலும், எலும்பு முறியாமலும், இரு வண்டிகளும் தத்தம் சொந்த பலத்தினாலேயே ஸ்தலத்தை விட்டு அகலக்கூடிய நிலையிலும் நிகழ்ந்த மோதலே இங்கே சிறுமோதல் எனப்படும். எவருக்கேனும் காயம் பட்டிருக்குமாயின், வைத்திய உதவி கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு ஓட்டுநர்மேல் சுமத்திய கடமைகள். அங்கே சமாதானத்துக்கும் இடமில்லை, இந்த ஆராய்ச்சிக்கும் இடமில்லை. நம்முடைய விஷயம் பம்பரில் விழுந்த ஒடுக்கு, கதவில் இழுத்த கோடு, உடைந்த இண்டிகேட்டர், மடங்கிய பக்கக் கண்ணாடி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது.

அரசியல் நூலோர் பகைவரை வசப்படுத்துவதற்குச் சாமம், தானம், பேதம், தண்டம் என நான்கு உபாயங்களை வகுத்தனர். இன்சொல்லில் தொடங்கி, அது பலியாதபோது கொடையையும், அதுவும் பலியாதபோது பிரித்தலையும் கையாண்டு, வேறு வழியே இல்லை என்றான பிறகுதான் தண்டத்தை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சென்னைச் சாலையில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது என்பதும், தலைகீழாக நின்றும் பிழையின்றிப் பலிக்கிறது என்பதும் சாஸ்திரக்காரர் கனவிலும் காணாதவை.

மோதல் நிகழ்ந்த கணத்தில் இருவரும் கதவை வேண்டிய அளவுக்கு மேல் ஓங்கிச் சாத்திக்கொண்டு இறங்குகிறார்கள். “ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்பது வாதியின் முதல் வாக்கு. “நீ சடன் பிரேக் அடிச்சா நான் என்ன பண்றது?” என்பது பிரதிவாதியின் மறுமொழி. இது தண்டம். இதில் பொருள் தேடுவது பேதைமை. யாகத்துக்கு முன் கங்கணம் கட்டிக்கொள்வதைப் போல, இருவரும் தாங்கள் இந்தச் சடங்கில் ஈடுபட்டுவிட்டதாக உலகுக்கு அறிவித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. ஐந்து நிமிஷத்துக்கு மேல் இந்த ஸ்தாயியில் நிற்பதற்குச் சாதாரண மனிதர்களுடைய தொண்டை இடம் கொடாது.

அடுத்து வருவது பேதம். எதிரியை அவனுடைய துணைவரிடமிருந்து பிரிப்பதைப் பழைய நூல்கள் பேதம் என்றன. சாலையில் அவனை அவனுடைய தைரியத்திலிருந்து பிரிக்கிறார்கள். “லைசென்ஸ் எடுங்க. இன்ஷூரன்ஸ் கரண்ட்ல இருக்கா? சரி, ஸ்டேஷனுக்கே போயிடலாம், வாங்க” என்று ஒருவர் கூறியதும் ‘நீ’ என்பது ‘நீங்கள்’ ஆகிவிட்டதைக் கவனிக்க வேண்டும், கோபம் இறங்க இறங்க மரியாதை ஏறுவது இந்தக் கலையின் மாறாத லட்சணம். நிலையத்துக்குப் போகலாம் என்கிறவர் போக விரும்பிச் சொல்வதில்லை. அதைச் சொல்லும்போதே அவர் மனத்தில் தம்முடைய புகைச் சான்றிதழ் எந்த மாதத்தோடு காலாவதியாயிற்று என்ற ஐயம் எழுகிறது. கேட்கிறவர் மனத்திலும் அதே ஐயம் எழுகிறது. காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம் என்று 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் வைத்திருப்பதை இருவரில் ஒருவராவது செய்தித்தாளில் படித்திருப்பார். ஒரு கணம் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தில்தான் சமாதானம் கருக்கொள்கிறது.

பிறகு தானம், அதைப் பற்றி விரிவாகப் பின்னர்க் கூறுவோம். கடைசியில், எல்லாம் முடிந்து, பணமும் கைமாறி, இனி அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்னும் கட்டத்தில் சாமம் வருகிறது. “சாருக்கு எந்த ஊரு?” “விருத்தாசலம் பக்கம்.” “அட, நம்ம சம்பந்தி வீடு அங்கதான்.” கால் மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் வம்சத்தை மற்றவர் ஐயுற்ற அதே இடத்தில், “பார்த்துப் போங்க சார், லாரிங்க தாறுமாறா வருது” என்று ஒருவரையொருவர் எச்சரித்து விடைபெறுகிறார்கள்.

குற்றம் யாருடையது என்பதைத் துணியும் முறையைச் சற்றுச் சுருக்கமாகவே சொல்லலாம். தர்க்க நூலார் கூறும் பிரமாணங்களுள் பிரத்தியட்சமாவது ஒடுக்கு. அநுமானமாவது ஒடுக்கின் திசை. ஆப்தவாக்கியமாவது எதிர்ப்புறத் தேநீர்க் கடைக்காரர் சொல்வது. முன்னே செல்லும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே, அது திடீரென்று நின்றாலும் முட்டாதபடி இடைவெளி விட வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிகளும், அவற்றை நீக்கி 2017-இல் வந்த ஒழுங்குமுறைகளும் பின்னால் வருகிறவனையே பொறுப்பாளி ஆக்குகின்றன. இடைவெளி விட்டால் அதில் ஓர் ஆட்டோ நுழைந்துவிடும் என்னும் பிரதிவாதியின் வாதம் உண்மைதான். ஆனால் விதி இயற்றியவர்கள் ஆட்டோவைக் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

மத்தியஸ்தரைப் பற்றி அப்படிச் சுருக்கிக் கூற மனம் ஒப்பவில்லை. எந்த மோதலிலும் மூன்றாவது நிமிஷத்தில் ஒருவர் தோன்றுகிறார். அவரை யாரும் அழைப்பதில்லை. அவருக்கு ஊதியம் இல்லை. அவருக்கு வேறு ஜோலி இருந்ததாகவும் புலப்படுவதில்லை. பெரும்பாலும் லுங்கியை மடித்துக் கட்டியிருப்பார். ஒரு கையில் பாதி குடித்த தேநீர் இருக்கும். முதலில் வண்டிகள் இரண்டையும் ஓரங்கட்டச் சொல்லிப் போக்குவரத்தைச் சீர்செய்கிறார். போலீஸ்காரர் சொன்னால் தயங்குகிறவர்கள்கூட இவர் சொன்னால் உடனே செய்கிறார்கள். பிறகு ஒடுக்கை விரலால் தட்டிப் பார்த்து, வைத்தியர் வயிற்றைத் தட்டிக் கேட்கும் பாவனையில் சிறிது நேரம் யோசித்து, “டிங்கரிங் ஒரு ஆயிரம், பெயிண்ட் ஒரு ஆயிரத்தைந்நூறு, புதுப்பேட்டையில போட்டா இன்னும் குறையும்” என்று தீர்ப்பளிக்கிறார். நீதிமன்றங்களில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி வாழ்நாளைக் கழிக்கிற இதே நாட்டில், இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்தவர் இல்லை. அவர் யாருக்கும் உறவில்லை, யாருக்கும் பகையில்லை, இருவரையும் இனிக் காணப்போவதும் இல்லை. நடுநிலைமைக்கு இதைவிட உயர்ந்த தகுதியை எந்த நியமனக் குழுவும் கண்டுபிடிக்க முடியாது.

காப்பீடு என ஒன்று இருக்கும்போது இவ்வளவு பிரயாசை எதற்கு என்று வினவுவோர் உளர். அவர்கள் ஒருபோதும் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களல்லர். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்பீட்டு விதிகள் 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்ததிலிருந்து, சாலையில் வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் பிறருக்கு நேரும் தீங்கின் பொருட்டுக் காப்பீடு வைத்திருக்கக் கடமைப்பட்டவர். தம் வண்டிக்கும் காப்பு வேண்டுவோர் அதற்குத் தனியே கட்டணம் செலுத்துகிறார்கள். அந்தக் கட்டணத்தில், ஒரு வருஷம் யாதொரு கோரிக்கையும் செய்யாதவருக்கு நூற்றுக்கு 20, அடுத்தடுத்த வருஷங்களில் 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் வருஷ முடிவில் 50 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. இதற்கு நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். ஒரே ஒரு கோரிக்கை செய்தாலும் ஏணியின் உச்சியிலிருந்தவர் தரைக்கு வந்துவிடுகிறார்.

இப்போது 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு பம்பரை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி. எனவே 3,000 போயிற்று. 1,500 சி.சி.க்கு உட்பட்ட காராயின் உரிமையாளரே தாங்க வேண்டிய கட்டாயப் பங்கு 1,000, அதுவும் போயிற்று. கைக்கு வருவது 2,000. தள்ளுபடி இல்லாத கட்டணம் வருஷத்துக்கு 10,000 என்றும் அது மாறாதிருக்கும் என்றும் வைத்துக்கொண்டால், 5,000 செலுத்திவந்த மனிதர் இனி 10,000, 8,000, 7,500, 6,500, 5,500 என்று ஐந்து வருஷம் செலுத்திய பிறகே பழைய நிலையை அடைவார். அதிகப்படி 12,500. இரண்டாயிரத்தைப் பெறப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. தேய்மானம் கழியாத ‘பம்பர் டு பம்பர்’ காப்பு வைத்திருப்போர் தங்கள் கணக்கில் 3,000-ஐத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம், முடிவு மாறாது. திருவாரூரில் தியாகேசர் எழுந்தருளிக் கன்றையும் இளவரசனையும் உயிரோடு எழுப்பித் தந்தபோது தேய்மானம் என்று ஒரு பைசாவும் கழித்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஆகவே விவேகியான காரோட்டி வருஷந்தோறும் காப்பீடு எடுப்பதும், அதை ஒருக்காலும் உபயோகப்படாமல் காப்பாற்றுவதும் ஆகிய இரு தர்மங்களையும் முரணின்றி அநுஷ்டிக்கிறார்.

எதிராளியின் காப்பீட்டிலிருந்து பெறலாமே எனின், பெறலாம். தனியார் கார்களின் காப்பீடு பிறர் சொத்துக்கு நேர்ந்த சேதத்தை ஏழரை லட்சம் ரூபாய் வரையில் சாதாரணமாகத் தாங்கும். ஆனால் தர மறுத்தால், அதைக் கேட்க வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மகனை இழந்த தாயும் காலை இழந்த தொழிலாளியும் வருஷக்கணக்கில் காத்திருக்கும் அந்த வராந்தாவில், உடைந்த இண்டிகேட்டரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் உட்காருவதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். சாலையோரத்திலேயே முடித்துக்கொள்கிறவர்களிடம் நான் காணும் ஒரே நிஜமான பண்பு, அவர்கள் அந்த வரிசையை நீளச் செய்வதில்லை என்பதுதான்.

இனி தானம். கைமாறும் தொகை சேதத்தின் மதிப்பு என்பது பொதுஜனங்களிடையே வழங்கும் பிரமை. சேதம் அதில் ஒரு சிறிய அம்சமே. காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் செல்லும் இருவருக்கிடையே ஐந்நூறு ரூபாயில் முடிகிற அதே ஒடுக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூவாயிரத்துக்கும் மசியாது. ஏனெனில் அங்கே விற்பனையாவது தகரமன்று, அவகாசம். வண்டிக்குள் மாமியார் உட்கார்ந்திருந்தால் தொகை உயரும். அவர் எதிரில் குறைவாக வாங்கிக்கொள்ள மருமகனுக்குத் துணிவு வராது. குழந்தை அழுதால் உடனே இறங்கும். வாங்கிய அன்றே மோதிய புது வண்டிக்கு விலை நிர்ணயம் இல்லை. அது துக்கத்தில் சேர்ந்தது.

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்த பிறகு இந்தத் துறையில் ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்திருப்பதைப் பண்டிதர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. முன்னெல்லாம் பிரதிவாதி பர்ஸைத் திறந்து எல்லாரும் காண விரித்து, “இவ்வளவுதான் சார் இருக்கு” என்பார். பர்ஸின் ஆழமே நஷ்ட ஈட்டின் உச்சவரம்பாக இருந்தது. அநுபவசாலிகள் பெரிய நோட்டுகளைச் சட்டைப் பையின் உட்புறத்தில் வேறாக வைத்திருந்தார்கள். இன்று கைபேசிக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது மத்தியஸ்தருக்கும் தெரியாது, பல சமயங்களில் உரியவருக்கே தெரியாது. ஆகவே வறுமை என்னும் பழைய வாதம் வலுவிழந்து, “சர்வர் பிஸின்னு வருது சார்” என்னும் புதிய வாதம் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. பணத்தோடு கைபேசி எண்ணும் பெயரும் வாதியிடம் போய்ச் சேர்ந்துவிடுவதால், மறுநாள் காலையில், “மெக்கானிக் உள்ளே ராடும் வளைஞ்சிருக்குன்னு சொல்றார்” என்ற செய்தி வருவதற்கும் வழி திறந்துவிட்டது. அன்றைய தீர்வோடு விஷயம் முற்றும் முடிந்தது என்று ஒரு வரி எழுதி வாங்கி, வண்டிகளை நாற்புறமும் படம் எடுத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம் என்பது நவீனர் மதம். பிராசீன மதத்தினர் அந்த எண்ணை உடனே தடுத்து வைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி இன்னும் தீராமல் நிற்கிறது. பெற்ற தொகை பட்டறைக்குப் போவதில்லை. அது அன்றைய தினமே பெட்ரோலாகவும் பிரியாணியாகவும் பரிணமித்துவிடுகிறது. ஒடுக்கு ஒடுக்காகவே இருக்கிறது. அவ்வாறிருக்க, ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே இடத்தில் வந்து மோதினால், வாதி மீண்டும் முழுத் தொகைக்கும் உரியவரா? ஓர் ஒடுக்குக்கு ஒருமுறையே ஈடு என்பது ஒரு சாரார் கொள்கை. ஒடுக்கு பழையதாயினும் மோதல் புதியதாதலின் ஈடும் புதியதே என்பது மற்றொரு சாராருடையது. இவர்கள் பெரும்பாலும் டாக்ஸி உரிமையாளர்கள். இந்த விவாதத்தினால் சாலையோரத்தில் காலநிர்ணயம் என்னும் ஒரு துணைக்கலை வளர்ந்துவருகிறது. கதவுத் தகரமாயின் துருவைக் கொண்டு ஒடுக்கின் வயதைக் கூறிவிடலாம். பம்பர் பிளாஸ்டிக் ஆதலின் துரு பிடிப்பதில்லை. அங்கே விரிசலுக்குள் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். அழுக்கு வெளிவந்தால் மத்தியஸ்தர் தொகையைப் பாதியாகக் குறைக்கிறார். இதை அறிந்த சில வாதிகள் வாரந்தோறும் தங்கள் ஒடுக்குகளைச் சோப்பு நீரிட்டுக் கழுவிப் புதிதாக வைத்திருக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.