கிருமிக்கும் ஓடிபி

கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அங்கே தொற்றுத் தடுப்பு முழுக்க இப்போது செல்போன் வழியாம். மெய்சிலிர்த்துப் போனேன்.

வாஷ்பேசினுக்கு மேலே க்யூஆர் கோடு. பணிப்பெண் அதை ஸ்கேன் செய்தால் ஓடிபி வரும். வந்தபின் கை கழுவலாம். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே ஓடிபி வரவே அதற்கு மேல் ஆகிறது. சுத்தம் எவ்வளவு கூடியிருக்கும், பாருங்கள்! கழுவியதும் ஈரக்கையால் போனை எடுத்து, செல்ஃபி ஏற்றி, 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். பிறகு அதே கையால் பெரியம்மாவுக்கு மாத்திரை. போன் கழிப்பறைக்கும் போகும், பந்திக்கும் வரும். அதைத் துடைக்கச் செயலியில் பொத்தான் இல்லை.

1847-ல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தே பிரசவ வார்டுச் சாவுகளைக் குறைத்தார். சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. பாவம், அவரிடம் டேஷ்போர்டு இல்லை.

மேலாளர் திரையைக் காட்டினார். எங்கும் பச்சை. ஒரே ஒரு சிவப்பு, பெரியம்மா. தினமும் பத்துத் தடவை சோப்புப் போடுகிறவர். ஆனால் ஸ்மார்ட்போன் கிடையாது.

"இந்தம்மா வந்ததிலிருந்து கையே கழுவலைங்க" என்றார் மேலாளர், வருத்தத்தோடு.

அன்றே ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பெரியம்மாவும் பச்சை. குழாய்ப் பக்கம் போகத்தான் நேரமில்லையாம்.