பண்ணு, ஆகு, போடு: சிவகாசி வட்டாரத்தில் ஆங்கில வினைகளின் நடப்பு பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

ஆங்கிலம் நடத்தும் வாத்தியார்களிடம் மாணவரை மிரட்டுவதற்கென்றே மூன்று பிரம்புகள் உண்டு. வினைக்குப் பின்னால் 'டு' வருமா, வராதா? சொல்லின் வாலில் 'லி' ஒட்டுமா, ஒட்டாதா? பெயருக்கு முன்னால் நிற்க வேண்டியது 'இன்'னா, 'ஆன்'னா, 'அட்'டா? ஊர் ஊராக மாணவரைப் பெயிலாக்கிய இந்த மூன்றும் விருதுநகர் மாவட்ட எல்லைக்குள் நுழைந்ததும் என்ன பாடு படுகின்றன என்பதை முறைப்படி பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம்

விருதுநகர் எண்ணெய், பருப்பு, வத்தல் மண்டிகள், சிவகாசி அச்சகங்கள், பட்டாசுக் கடைகள், பார்சல் ஆபீஸ்கள், சாத்தூர் போகும் பஸ்கள். களத் தேர்வுக்குக் காரணம் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. பின்னால் வந்த பட்டாசுக்கு 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஆர்டர், லோடு, லேபிள், லைசென்ஸ், பில், பார்சல் என்று ஆங்கிலமும் சரக்கோடு சரக்காக இங்கே வந்து இறங்கியது. இறங்கிய சரக்கை இந்த ஊர் எப்படிப் பிரித்து அடுக்கியது என்பதை விதிகளாகத் தருகிறோம்.

விதி 1: எந்த ஆங்கில வினையும் வினையாக உள்ளே விடப்படாது

'செக்கினான்', 'புக்கினாள்', 'கேன்சலித்தார்' என்று இந்த மாவட்டத்தில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆங்கில வினை வெறும் மருந்து. தமிழ்த் துணைவினை என்ற திரியைச் சொருகாவிட்டால் புகைகூட வராது. செக் பண்ணினான், புக் பண்ணினாள், கேன்சல் பண்ணினார். காலம், இடம், எண், மரியாதை எல்லாம் 'பண்ணு'வின் தலையில்தான். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கோடு நிறுத்திய தொல்காப்பியர் சிவகாசி வழியாகப் போயிருந்தால் 'பண்ணுசொல்' என்று ஐந்தாவதையும் சேர்த்திருப்பார்.

துணைவினையை மாற்றினால் பொருளும் மாறும். ஆங்கிலேயர் வினைக்குப் பின்னால் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' என்று மாற்றி மாற்றி வைத்துச் செய்கிற வேலையை நாம் இப்படிச் செய்கிறோம். எடுத்துக்காட்டு, 'லீவு'. லீவு கேட்பவர் தொழிலாளி. லீவு கொடுப்பவர் போர்மேன். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர் லீவு போடுகிறார். மாதச் சம்பளக்காரர் லீவு எடுக்கிறார். மழை பெய்தால் கலெக்டர் லீவு விடுகிறார். கலெக்டர் லீவு போட்டால் அது வேறு செய்தி. ஒருவர் இந்தச் சமூகத்தில் எந்தப் படியில் நிற்கிறார் என்று அறிய ரேஷன் கார்டின் வகையைப் பார்க்க வேண்டாம். 'லீவு' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த வினை வருகிறது என்று கேட்டால் போதும்.

அச்சகத் தெருவில் ஆட்சி செய்வது 'அடி'. அச்சடித்த பழக்கத்தில் பிரிண்ட் அடிக்கிறார்கள், லேபிள் அடிக்கிறார்கள், நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஆடிப்பெருக்கு வாக்கில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிடும். "அடுத்த வருஷம் அடிச்சாச்சா அண்ணாச்சி?" என்று ஆவணி மாதத்தில் ஒருவர் கேட்டால் வெளியூர்க்காரர் திகைக்கக் கூடாது.

விதி 2: 'லி' இறக்கப்படும், 'ஆ' ஏற்றப்படும்

கரெக்டா, டைரக்டா, ரெகுலரா, சீரியஸா. ஆங்கில வினையுரிச்சொல்லின் வால் வெட்டப்பட்டு 'ஆ' ஒட்டப்படுகிறது. 'ஸ்பீடு' ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாயிற்றே என்று 'ஆ' கவலைப்படுவதில்லை. "ஸ்பீடா ஏத்துங்கப்பா" என்றால் லோடு ஏறிவிடுகிறது.

விதிவிலக்காகத் தப்பிப் பிழைத்தவை 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' ஆகிய இரண்டு. இவை எந்த வினையையும் தழுவாமல் வாக்கியத்தின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். தீபாவளி முடிந்து வசூலுக்குப் போகிறவர்களுக்கு இதன் இலக்கணம் நன்றாகத் தெரியும். "ஆக்சுவலி என்னாச்சுன்னா அண்ணாச்சி..." என்று தொடங்கும் வாக்கியம் எங்கே சுற்றி வந்தாலும் பணத்தில் போய் முடியாது.

விதி 3: ஆங்கில முன்னிடைச்சொல் தனியாக நம்பப்படுவதில்லை

லோடு எங்கே என்று பார்சல் ஆபீசுக்குப் போன் போட்டால் "ஆன் த வேல இருக்கு" என்பார்கள். முன்னால் 'ஆன்', பின்னால் ஏழாம் வேற்றுமை. ஒரே லாரிக்கு இரண்டு காவல். "இன் டைமுக்கு வந்துரும்" என்பதில் 'இன்' இருக்கும்போதே நான்காம் வேற்றுமையும் ஏறிக்கொள்கிறது. "பை மிஸ்டேக்கா வேற லோடுல ஏத்திட்டாங்க" என்பதில் 'பை'யும் 'ஆ'வும் ஆளுக்கொரு பக்கம் தாங்குகின்றன. பெட்டிக்கு மேலும் கீழும் கயிறு கட்டி அனுப்புகிற ஊரில் சொல்லை மட்டும் அவிழ்த்துவிடுவார்களா?

விதி 4: 'டு' வேலை மாற்றம் பெற்றுவிட்டது

'அனுப்ப ட்ரை பண்றோம்' என்ற தொடரில் 'டு' என்ற பேச்சே இல்லை. 'அனுப்ப' என்கிற செயவென் எச்சம் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவிடுகிறது. வினையை இழந்த 'டு' சும்மா இருக்கவில்லை. விருதுநகர் டு சிவகாசி, சிவகாசி டு சாத்தூர் என்று பஸ் போர்டில் ஏறிக்கொண்டது. பார்சல் பெட்டிகளில் 'ஃப்ரம்' மேலேயும் 'டு' கீழேயுமாகக் குடியிருக்கின்றன. ஆங்கிலப் பாடத்தில் மாணவரைப் பெயிலாக்கிய சொல் இங்கே ஒழுங்காக ஊர் போய்ச் சேர்கிறது.

மறுப்பும் விடையும்

'தமிழில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே' என்று ஒரு மறுப்பு எழலாம். தமிழிலும் உண்டு. லட்சுமி வெடியை வைக்க வேண்டும், பிஜிலியைப் பற்றவைத்துப் போட வேண்டும், ராக்கெட்டை விட வேண்டும், மத்தாப்பைக் கொளுத்த வேண்டும். எல்லாவற்றிலும் செய்கிற வேலை நெருப்பு வைப்பதுதான். ராக்கெட்டைப் போடுகிறேன் என்பவரிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பது நல்லது. 'போட்டுக் கொடுத்துட்டான்' என்கிறோம். அவன் எதையும் போடவுமில்லை, கொடுக்கவுமில்லை, நம்மைப் பற்றி மேலிடத்தில் சொல்லிவிட்டான். இதை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கி முடித்த பிறகு அவருடைய 'டு'வைக் குறை சொல்லலாம்.

தலையாய கண்டுபிடிப்பு

பண்ணு, ஆகு என்ற இரண்டுக்கும் இடையில்தான் இந்த வட்டாரத்தின் நீதி சாஸ்திரம் இருக்கிறது. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது ஊரெங்கும் கேட்ட வாக்கியம், "சரவெடியை பேன் பண்ணிட்டாங்க." குற்றம் பிறர் மேல் என்றால் 'பண்ணு'. பட்டாசுக் கடையில் நாம் கொடுத்த ஆர்டரைக் கடைக்காரரே தூக்கிப் போட்டுவிட்டால் வருகிற பதில், "ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு அண்ணாச்சி." பெட்டியை அவர் ஆள்தான் கீழே போட்டான், "டேமேஜ் ஆயிருச்சு." பில்லில் தொகை கூடியிருந்தால் "மிஸ்டேக் ஆயிருச்சு", குறைந்திருந்தால் "யார்றா மிஸ்டேக் பண்ணது?" வினைமுதல் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வர 'ஆகு' வழிவிடுகிறது.

இந்த வித்தையை ஆங்கிலக் கலப்பு கற்றுக்கொடுத்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்ல முடியாது. பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைப் படித்துப் பாருங்கள். 'உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து நிகழ்ந்தது.' ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. ஒரு ஆளும் இல்லை. ஓர் அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள், எவ்வளவு மருந்தை வைத்தார்கள் என்பதற்கெல்லாம் எழுவாய் உண்டு. உராய்வு அந்த எழுவாய்களை எல்லாம் தின்றுவிடுகிறது. ஆய்வாளர் கருத்தில் இம்மாவட்டத்தின் மிக ஆபத்தான கலவை இதுதான்.

பரிந்துரைகள்

ஒன்று, பள்ளியில் ஆங்கில வினைகளைச் சிவகாசி முறைப்படி 'பண்ணு', 'ஆகு' என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் கற்பிக்கலாம். மாணவருக்கு இலக்கணமும் வரும், சட்டமும் வரும். இரண்டு, விசாரணை அறிக்கைகளில் 'ஏற்பட்டது', 'நிகழ்ந்தது', 'ஆயிற்று' ஆகிய மூன்றையும் தடை செய்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பெயரோடு ஓர் எழுவாய் கேட்கலாம். மூன்று, தீபாவளிக்கு ஆர்டர் கொடுப்போர் தேதியைக் கேட்டுப் பயனில்லை. பதிலின் வினையைக் கவனிக்கவும். 'ஏத்தியாச்சு' என்றால் பாதி ஏறியிருக்கிறது. 'ஆன் த வேல இருக்கு' என்றால் இனிமேல்தான் ஏற்ற வேண்டும். 'ட்ரை பண்றோம்' என்றால் உள்ளூர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளவும்.