உனக்கு நீயே மாமியாரா?

என்னலே பேராண்டி, திண்ணையில உக்காந்து யாரைப் போட்டு இப்படி ஏசிக்கிட்டிருக்கே? சுத்திமுத்திப் பாக்குதேன், ஒரு காக்கா குருவியைக் காணோம். ஓ, உன்னையவேதானா? "நான் எதுக்கும் லாயக்கில்ல, எனக்குக் கணக்கே வராது, குரூப் 4 எல்லாம் நமக்கு ஆகாது"ன்னு அடுக்குதியே, ஒரு இடத்துலயாவது திக்குதா? இந்தச் சரளம் பரீட்சை மண்டபத்துல எங்கலே போச்சு?

ஒண்ணு கேக்குதேன். இதே வார்த்தையை முக்குக் கடையில எவனாவது சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பியா? சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டுல்லா பாய்ஞ்சிருப்பே. பஞ்சாயத்துக்கு நான்தான் வந்து நிக்கணும். உன் வாயி சொன்னா மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு "ஆமா, ஆமா"ங்கியே. உனக்குக் கல்யாணமே ஆகலை. அதுக்குள்ள நெஞ்சுக்குள்ள ஒரு மாமியாரைக் குடிவச்சு, சோறும் போட்டு வளக்குதே. மெதுவாச் சொல்லுதேன், உள்ள ஆச்சி காதுல விழுந்திரப் போவுது.

அவகிட்டயே படிச்சுக்கோயேன். நீ வெளியூர் கிளம்பையில "போறேன்"னு சொல்லிட்டு இந்த வாசப்படியைத் தாண்டியிருக்கியா? திரும்பக் கூப்பிட்டு "போயிட்டு வாரேன்"னு சொல்லவச்சுத்தான் விடுவா. விளக்கை அணைங்க மாட்டா, குளிர வைம்பா. பானையில அரிசி இல்லாட்டியும் "இல்ல"ன்னு சொல்லமாட்டா, நெறைஞ்சிருக்கும்பா. மண்ணுல செஞ்ச அகல் விளக்குகிட்டப் பேசையில இம்புட்டு மரியாதை. பெத்து வளத்து, படிக்கவச்சு, ஆளாக்கின உன்கிட்ட நீ பேசையில அதுல கால்வாசி கூட இல்லையே!

இதுக்கு மருந்துன்னு கண்ணாடியில காகிதம் ஒட்டி வச்சிருக்கே, பாத்தேன். "நான் வெற்றியாளன், நான் சிங்கம்." செல்போன்ல ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துதானே, அவன் உபதேசமாக்கும். இது ஒண்ணும் புதுச் சரக்கில்லடே. பிரான்சுல நான்சின்னு ஒரு ஊரு. அங்க எமில் குவேன்னு ஒரு மருந்துக்காரர், நாளுக்கு நாள் தேறி வாரேன்னு காலையிலயும் ராத்திரியிலயும் 20 தடவை சொல்லச் சொன்னாரு. 1926-லயே அவர் போய்ச் சேந்துட்டாரு. மந்திரம் மட்டும் இன்னும் உன் செல்போனுக்குள்ள சுத்துது.

மதுரையில மனநலம் படிக்கிற நம்ம பேத்தி இன்னொண்ணும் சொன்னா. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல ஜோவன் வுட்டுன்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிகளும் சோதிச்சுப் பாத்து 2009-ல எழுதியிருக்காவ. ஏற்கெனவே தன்னைத் தாழ்வா நெனைக்கிறவங்களை, நான் எல்லாரும் விரும்புற ஆளுன்னு திரும்பத் திரும்பச் சொல்லவச்சா, அப்படிச் சொல்லாதவங்களைவிட அவங்க மனசு சோர்ந்து போகுதாம். போகாதா பின்னே? நீ சிங்கம்னு சொன்னதும், நெஞ்சுக்குள்ள இருக்கிற மாமியார் "எங்க, ஒரு தடவை கர்ஜிச்சுக் காட்டு பாப்போம்"னு கேப்பால்லா?

பொய்க்குப் பொய் மருந்தில்லடே. ஆரன் பெக்குன்னு அமெரிக்காவுல பிலடெல்பியா டாக்டர் ஒருத்தர், 1960-கள்ல இதுக்கு ஒரு வழி கண்டாரு. மனசு தானா ஒரு தீர்ப்பு எழுதுதுல்லா, அதை அப்படியே ஒத்துக்காதே, சாட்சியக் கூப்பிட்டு விசாரிங்காரு. சரி, விசாரிப்போம். குரூப் 4-ல மொத்தம் 200 கேள்வி. 100 தமிழ், 75 பொது அறிவு, மிச்சம் 25-தான் கணக்கும் புத்திக் கூர்மையும். அந்த 25-ஐக் காட்டி 200-க்கும் கருமாதி பண்ணிட்டியே! அதுவும் போகட்டும். பருத்தி விக்கப் போன அன்னைக்கு, குவிண்டால் விலை, சாக்குக் கழிவு, கமிஷன் எல்லாத்தையும் பேனா எடுக்காமப் போட்டு, அந்த வியாபாரியை முழிக்கவச்சது யாரு? நானா? எனக்குத் தராசு முள்ளே தெரியாது. கணக்கே வராதவனுக்குக் கமிஷன் கணக்கு மட்டும் எப்படிலே வந்துச்சு?

அப்போ வாக்குமூலத்தை மாத்தி எழுது. "கூட்டுவட்டி எனக்கு இன்னும் பிடிபடலை." அம்புட்டுத்தான் உண்மை. இதுல சிங்கமும் இல்ல, சீக்குக்கோழியும் இல்ல. பிடிபடாததை உக்காந்து போட்டுப் பாக்கலாம், தெரிஞ்சவன்கிட்டக் கேக்கலாம். "லாயக்கில்ல"ங்கிறதை வச்சுக்கிட்டு என்ன செய்வே? போர்த்திக்கிட்டுப் படுக்கத்தான் ஆகும். அதுக்குத்தான் அந்த வார்த்தை உனக்கு இம்புட்டு வசதியா இருக்கோ என்னவோ!

இன்னொரு ரகசியம். நான் வரப்புல நடக்கையில என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏ, இப்போ என்ன குடி முழுகிப்போச்சு, அடுத்து செய்ய வேண்டியதைப் பாரு"ன்னு பேசுவேன். கிறுக்கன்னு ஊரே சிரிச்சுது. 2014-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈத்தன் கிராஸ் இதைத்தான் எழுதியிருக்காராம். "நான், நான்"னு மருகாம, சொந்தப் பேரைச் சொல்லி அடுத்த ஆளுகிட்டப் பேசுத மாதிரி பேசிக்கிட்டா பதற்றம் அடங்குதாம். கிறுக்குப் பட்டம் எனக்கு, ஆராய்ச்சிப் பட்டம் அவருக்கு. இருக்கட்டும்.

விளையாட்டை விட்டுட்டு ஒண்ணு சொல்லுதேன். ரெண்டு வாரமாத் தூக்கமும் இல்ல, சோறும் இறங்கலை, இருந்து என்ன பிரயோசனம்னு தோணுதுன்னா, அது தாத்தா பேச்சுல தீருத சங்கதி இல்ல. 14416-னு ஒரு இலவச நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசுவாவ. அடி. இல்லாட்டி என்கிட்டச் சொல்லு, பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட வாரேன்.

இப்போ எந்திரி. அந்தக் கூட்டுவட்டிக் கணக்கை எடுத்துட்டு வா. தப்பாப் போட்டா ஏசுறதுக்கு இந்தத் திண்ணையில நான் ஒருத்தன் வேலை வெட்டியில்லாம உக்காந்திருக்கேன். என் உத்தியோகத்துல நீ கை வைக்காதே.