மூடு மாப்ளே, முழுசா மூடாதே

மாப்ளே, டொராண்டோ ஸ்கார்பரோவுல நீ வீடு வாங்குன சேதி எருத்தேன்பதி டீக்கடை வரைக்கும் வந்து சேந்துருச்சு. பூமிக்கு மேல ஒரு வீடு, பூமிக்குள்ள ஒரு வீடுன்னு உங்கம்மா சொன்னப்ப, படிக்கப் போன பையன் அங்க கெழங்கு வெள்ளாமைல எறங்கீட்டான்னு நெனச்சேன். கீழ்வீட்டை ஒழுங்கு பண்ணி வாடகைக்கு உடப் போறேன்னு அப்பறந்தான் வெளங்குச்சு. உடு, நல்ல காரியந்தான். அந்தூருக்குப் போன நம்ம சனத்துல நெறையப் பேரு மொதமொதல்ல தலை சாச்சதே அப்பிடியொரு கீழ்வீட்டுலதானாமே.

ஆனா நீ போன்ல காட்டுனதைப் பாத்தேன். அண்ணாந்தா தகரத்துல பெரிய காத்துக் குழாய், அதை ஒட்டிக் கறுப்புச் சாக்கடைக் குழாய், கேஸ் குழாய், செம்புக் குழாய், இண்டு இடுக்கெல்லாம் ஒயரு. "இதுல ஒண்ணுங் கண்ணுல படக்கூடாதுங்க மாமா, சுத்தியும் சட்டமடிச்சு போர்டு போட்டு மூடீருவேன்"னு பெருமையாச் சொன்னே. ஏங் கண்ணு, சித்திரைல உன்ற மாமனார் வர்றாராமே, அதுக்கா? அந்த மனுசன் வீட்டு மாடில நிக்கற கறுப்புத் தண்ணித் தொட்டி கோழிப்பதி ரோட்டுல வர்றப்பவே தெரியுது. அவருக்குப் போகாத மானம் உனக்கு ஒரு குழாய் தெரிஞ்சாப் போயிருமாக்கும்.

மூடு, வேண்டாங்கலை. மாமனாருக்கு மறைச்சுக்கோ. பிளம்பருக்கு மறைக்காதே.

உங்க தாத்தன் வீட்டுல ஒயரெல்லாம் மரச்சட்டத்து மேல கிளிப்பு அடிச்சு, செவுத்து மேலயே போகும். அழகுன்னு ஒருத்தனும் சொன்னதில்லை. கரண்டு நின்னுதுன்னா, உங்க பாட்டியே அண்ணாந்து பாத்துக்கிட்டே போயி எலி கடிச்ச எடத்தைக் காட்டீருவா. இப்ப எல்லாஞ் செவுத்துக்குள்ள போயாச்சு. நம்ம சித்தூர் தாலுக்காவோட கெழக்கோரம் கரிசல் மண்ணு, கேரளாவுல வேற பக்கம் தேடுனாலும் கெடைக்காது. வேனல்ல பொளக்கும், மழை விழுந்தா உப்பும். மேல நிக்கற செவுரு மட்டும் சும்மா நிக்குமா? அதுகூடச் சேந்து உள்ள இருக்கற குழாயும் அசையும். போரு தண்ணியோ உப்பு, வால்வுக்குள்ள சுண்ணாம்பாப் படிஞ்சு இறுகிப் போகும்.

இங்கொருத்தன், பேரு வேண்டாம், உனக்குப் பங்காளி மொறை. குளியலறைல டைல்ஸு டிசைன் கெட்டுப் போகுதுன்னு வால்வு மேலயும் சேத்து ஒட்டச் சொல்லீட்டான். மோர்பிலிருந்து லாரில வந்த டைல்ஸாம், அதை வட்டமா வெட்டறதுக்கு மனசு வரலை. வால்வு மக்கர் பண்ணுச்சு. உடைச்சாங்க. அதே டைல்ஸு மறுக்காக் கெடைக்கலை. இப்ப அந்தச் செவுத்துல பச்சை நெறத்துல ஒரு ஒட்டு, வர்ற ஒறம்பரைக்கெல்லாம் மொதல்ல அதைத்தான் காட்டறான். அதுக்கு முந்தி எத்தனை மாசம் உள்ளுக்குள்ளயே கசிஞ்சுதோ. பக்கத்துல பிளாச்சிமடைல தண்ணிக்காக 2002ல சனங்க பந்தல் போட்டு உக்காந்து, 2004ல கோலாக் கம்பெனியே நின்னுபோன சீமை இது. இவன் செவுத்துக்குள்ள தண்ணிய ஓடவுட்டுட்டு டிசைனைப் பாத்துக்கிட்டு இருந்துருக்கறான்.

சரி, உன்ற கதைக்கு வர்றேன். இங்க மரச்சட்டம் அடிச்சா மொத வாடகைக்கு வர்றது கரையான்தான், அதனால நாங்க தகரச் சேனல் போடறோம். நீ மரத்துலயே அடி. ஆனா காங்கிரீட் செவுத்தோட ஒட்டி அடிக்காதே, ஒரு இஞ்சாவது தள்ளி நிறுத்து. மண்ணுக்குள்ள நிக்கற செவுரு, ஈரம் குடிச்சுட்டேதான் இருக்கும். தரைல படுக்கற கட்டை மருந்து ஏத்துன கட்டையா இருக்கோணும். சட்டத்தைத் தொளைச்சு ஒயரு கொண்டு போறியே, தொளை ஓரத்துக்கு வந்துருச்சுன்னா முன்னால ஒரு இரும்புத் தகடு அடிச்சுரு. இல்லீன்னா போர்டு மாட்டறவன் திருகுற ஸ்குரூ நேரா ஒயருக்குள்ள போயி உக்காரும். அவனுக்குச் சத்தமுங் கேக்காது, உனக்கு விசயமுந் தெரியாது.

காத்துச் சூடு பண்ற அடுப்பு இருக்குதே, பர்னஸு, அதுல உனக்குத் தெரியாத ஒரு கூத்து இருக்குது. அதுக்குப் பக்கவாட்டுல ஒரு பில்டர், சில மாசத்துக்கொருக்கா உருவி மாத்தோணும். அது முழுசா வெளிய வர்றதுக்கு எடம் உடாம, நெருக்கிச் செவுரு எழுப்பீட்டீன்னா என்ன பண்ணுவே? கத்தரியால வெட்டி வெட்டி எடுப்பியா? அதே மாதர வெந்நீர்த் தொட்டி ஒருநா ஓட்டையாகும், ஆளுசரம் இருக்கற சாமானம் அது, வாசல்ல நொழையோணும். இந்த ஊர்ல ஒரு புண்ணியவான் ஆட்டுக்கல்லை நடுவுல வெச்சுட்டுச் சுத்தியும் அறை கட்டுனான். கதவு வெச்சு முடிச்சப்பறம் பாத்தா, கல்லு வெளிய வராது. கல்லு இன்னும் அங்கயே இருக்குது, அந்த அறைக்கு வேற வேலையே இல்லை. உனக்கு ஆட்டுக்கல்லு இல்லை, ஆனா புத்தி நம்மூரு புத்திதானே! அந்த அடுப்புக்கு எரியறதுக்குக் காத்தும் வேணும், இறுக்கி மூடற பேச்சே ஆகாது. எவ்வளவு எடம், எவ்வளவு காத்துங்கறதை அந்தத் தொழில்காரங்கிட்ட கேளு. எங்கிட்ட கேக்காதே, நான் வெறகடுப்புக்காரன்.

கரண்டுப் பெட்டிக்கு முன்னால ஒரு மீட்டர் எடம் காலியா இருக்கோணும்னு அங்கத்திய சட்டம். அந்த எடத்துல நீ சோபா போடுவே, எனக்குத் தெரியும். ஒயரு கூடற பெட்டிகளை போர்டுக்குள்ள பொதைக்கக் கூடாது, மூடி வெளிய தெரியோணும். மெயின் வால்வு, சாக்கடைக் குழாயைக் கழுவற மூடி, தரைல இருக்கற தண்ணிப் போக்கி, எல்லாத்துக்கும் சின்னக் கதவு வெச்சே ஆகோணும். 2013 ஜூலை 8ஆந் தேதி டொராண்டோ விமானநிலையத்துல ஒரே நாள்ல 126 மில்லிமீட்டர் மழை கொட்டி, எத்தனையோ பேரோட கீழ்வீடு நெறைஞ்சுது. அப்பிடிப்பட்ட நாள்ல சாக்கடை எதுத்து ஏறாமத் தடுக்கற வால்வு ஒண்ணு தரைல உண்டு. அதும்மேல நீ டைல்ஸு ஒட்டீருந்தா, உன்ற பங்காளி வந்து கை குலுக்குவான்.

அந்தத் தகரக் காத்துக் குழாயைச் சுத்திக் கீழ எறக்கிப் பெட்டி அடிக்கறப்ப உசரத்தைப் பாத்துக்கோ. வாடகைக்கு உடற பழைய கீழ்வீட்டுக்கு 1.95 மீட்டர் உசரம் வேணும்னு நீதானே சொன்னே. அழகுக்குன்னு மோட்டைப் பூரா எறக்கீட்டு, வர்றவனையெல்லாம் குனிஞ்சு வரச் சொல்லாதே. உன்ற மாமனார் யாருக்கும் குனியாத மனுசன், நெத்தியத்தான் இடிப்பாரு.

அந்தூர்ல ஒண்ணு மட்டும் எனக்கு ரொம்பப் புடிச்சுது. போர்டு போட்டு மூடறதுக்கு முந்தி இன்ஸ்பெக்டரு வந்து உள்ள இருக்கறதைப் பாத்துட்டுத்தான் சரிங்கறாராமே. இங்க நம்ம பஞ்சாயத்து ஆளுக கெணத்துக்கு எத்தனை தூரம், ரோட்டுக்கு எத்தனை தூரம்னு டேப்பு புடிக்கறாங்க, செவுத்துக்குள்ள எட்டிப் பாக்கறதில்லை. பர்மிட்டு வாங்காம நீயே ராத்திரியில அடிச்சு முடிச்சுரலாம்னு ஒரு நெனப்பு உனக்கு இருந்தா, அதை இப்பவே உட்டுரு. அவரு கண்டுபுடிச்சா மூடுனதைப் பூராப் பிரிக்கச் சொல்லுவாரு.

மூடறதுக்கு முந்தி செவுரு செவுராப் போட்டோ எடுத்து வெய்யி, டேப்பு நீட்டி அளவு தெரியற மாதர. ஒரு பிரதிய எனக்கும் அனுப்பு. நீ போனைத் தொலைக்கற ஆளு.

அந்தச் சின்னக் கதவுக கண்ணுல உறுத்துதுன்னு நீ சொல்லப் போறே. அதும்மேல ஒரு காலண்டரை மாட்டுனா ஆச்சு. பழனி முருகன் படம் போட்டது, பொள்ளாச்சி ஜவுளிக்கடைல சும்மாவே குடுப்பாங்க, வாங்கி அனுப்பி வெக்கறேன். பார்சல் கூலி மட்டும் உன்ற கணக்கு.