இலக்குத் தாளில் இல்லத்தரசி

கேள்வி: என் கணவர் தொழில்முனைவோர் வழிகாட்டிக் குழுவில் சேர்ந்து, மாதாமாதம் இலக்கு வைக்கிறார். தொழிலுக்கு நல்லது, சரி, குடும்பத்துக்கு? — வாசகி, ஈரோடு

பதில்: பெஞ்சமின் ஃபிராங்கிளின் 1727-ல் பிலடெல்பியாவில் 'ஜுன்டோ' என்ற குழுவைத் தொடங்கி வெள்ளிதோறும் கூடினார். அவருடைய அச்சகத்துக்கு ஆர்டர் பிடித்துத் தந்தவர்கள் அந்த நண்பர்கள்தான். மனைவி டெபோரா? ஐயா வருஷக்கணக்கில் லண்டனில் தங்கிவிட்டார். 1774-ல் அந்த அம்மாள் இறந்தபோதும் ஊரில் இல்லை. குழு தொழிலைத்தான் கவனிக்கும்!

உங்களுக்கும் லாபம் உண்டு. ஜிஎஸ்டி புலம்பலை அங்கேயே கொட்டிவிட்டு வருவார், சாப்பாட்டு நேரத்தில் உங்கள் காது பிழைக்கும். அப்படியே ஞாயிற்றுக்கிழமை சினிமாவையும் இலக்குத் தாளில் எழுதவையுங்கள். நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதை மறக்கமாட்டார். நீங்கள் சொன்னால்தான் மறந்துபோகும்.